நவம்பர் முடிவுகள் சொல்வதும் சொல்லாததும்: ஒரு பனிச்சறுக்கு வீரரின் பருவத் தொடக்கம்

ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, பின்லாந்தின் ரூக்காவில், நவம்பர் கடைசி வாரத்தில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கின் உலகக் கோப்பைப் பருவம் வழக்கமாகத் தொடங்குகிறது. இது மலைச்சரிவின் உச்சியிலிருந்து கீழே பாய்ந்து வரும் பனிச்சறுக்கு அல்ல. ஏற்றமும் இறக்கமும் மேடுபள்ளமான தளமும் ஏறக்குறையச் சமபங்காகக் கலந்த தடத்தில், கால் வலிமையையும் இரு ஊன்றுகோல்களையும் மட்டுமே நம்பி வீரர் முன்னேற வேண்டிய பந்தயம் இது. அடுத்தடுத்த நாள்களில் போட்டிகள் நடக்கும் அந்த வார இறுதியில், முதல் நாள் எட்டாவதாக வந்தவர் மறுநாள் நாற்பத்தொன்றாவதாக வருவதும், மூன்றாம் நாள் மீண்டும் முதல் பதினைந்து பேருக்குள் நுழைவதும் அதிசயமே இல்லை. உடல் அதேதான், ஆறேழு மாதப் பயிற்சியும் அதேதான். முப்பத்தாறு மணி நேரத்தில் ஒருவருடைய உடல்திறன் அப்படிச் சரிந்து மீள முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த நாற்பத்தொன்றாம் இடம் வீரரை உறங்கவிடுவதில்லை.

பருவத் தொடக்கத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் அதை உடல்நிலையின் ஏற்ற இறக்கமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வீரர் தயாராக இல்லை, பயிற்சி போதவில்லை, அல்லது பயிற்சி மிதமிஞ்சிவிட்டது என்று தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களின் ஒரு முடிவுக்குள் பனி, பலகை, உடல், போட்டி அட்டவணை என்ற நான்கு தனித்தனிக் கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரியாதவர், அந்த மாதங்களில் எடுக்கும் முடிவுகளாலேயே தம் பருவத்தைக் கெடுத்துக்கொள்ள நேரிடும்.

முதலில் பனியை எடுத்துக்கொள்வோம். பனிச்சறுக்கு வீரரின் ஆண்டு மே மாதத்தில் தொடங்குகிறது. உலகத் தரத்தில் போட்டியிடுபவர் ஓர் ஆண்டில் 750 முதல் 1,000 மணி நேரம் வரை பயிற்சி செய்கிறார். உலகின் மிக வெற்றிகரமான வீராங்கனைகளுள் ஒருவரான நார்வேயின் மாரிட் பியோர்கனின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், இருபது வயதில் ஆண்டுக்கு 520 மணி நேரமாக இருந்த அவருடைய பயிற்சி, முப்பத்தைந்து வயதில் 940 மணி நேரத்தைத் தொட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மணி நேரங்களில் பெரும்பகுதி பனியே இல்லாத மாதங்களில், தார்ச்சாலையிலும் காட்டுப்பாதையிலும் கழிகிறது. ஓட்டம், மலையேற்றம், எடைப் பயிற்சி ஆகியவற்றோடு, சக்கரம் பொருத்திய குட்டைப் பலகைகளான ரோலர் ஸ்கீக்கள் மீது நீண்ட நேரம் ஓடுவதுதான் கோடைகாலத்தின் முதன்மை வேலை.

ரோலர் ஸ்கீ நல்ல கருவி, ஆனால் ஒரு விஷயத்தில் அது வீரரை ஏமாற்றுகிறது. கிளாசிக் எனப்படும் மரபு முறையில், வீரர் ஒரு காலை அழுத்தி ஊன்றி, அந்தப் பலகை ஒரு கணம் பனியில் அசையாமல் நிற்கும்போது உந்தி, மறுகாலில் வழுக்கிச் செல்கிறார். அந்தக் கணம் விநாடியின் ஒரு சிறு பங்குதான். எடை சரியான இடத்தில், சரியான நேரத்தில் கீழே இறங்கினால் பலகை பனியைப் பற்றும். சற்றுத் தாமதித்தால் பின்னோக்கி வழுக்கும். கிளாசிக் ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் முன்னோக்கி மட்டுமே சுழலும்படி பூட்டப்பட்டிருக்கும். எவ்வளவு பிழையாக உதைத்தாலும் அது பின்னால் வழுக்காது. ஐந்து மாதங்களாக எந்தத் தண்டனையும் இல்லாமல் பழகிய அந்தச் சிறு தாமதம், நவம்பரில் முதல் செங்குத்தான ஏற்றத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. பலகையைப் பக்கவாட்டில் சாய்த்து உந்தும் ஸ்கேட்டிங் முறையில் சிக்கல் வேறு விதமானது. தார்ச்சாலை பக்கவாட்டில் நகராது, அமிழாது. பனி இரண்டையும் செய்யும். கணுக்காலையும் இடுப்பின் பக்கவாட்டையும் நிலைநிறுத்தும் சிறு தசைகள் கோடையில் ஓய்ந்திருந்துவிட்டு, பனியில் கால் வைத்த முதல் வாரத்தில் திடீரென்று முழுநேர வேலைக்கு அழைக்கப்படுகின்றன. அதனால், அதே வேகத்தில் ஓடினாலும், கடும் உழைப்பில் தசைகள் வெளியிடும் லாக்டேட்டின் அளவு இரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. இதயமும் நுரையீரலும் தயாராக இருந்தும் அந்தத் திறன் வேகமாக மாறாமல் வழியிலேயே கசிந்துபோகிறது.

எனவே அக்டோபரிலேயே பனியைத் தொட்டவருக்கும் நவம்பர் நடுவில் தொட்டவருக்கும் முதல் போட்டியில் தெரியும் வேறுபாடு, உடல்திறனின் வேறுபாடாக இருக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் அணிகள் ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் பனியாற்றுக்கும், பின்லாந்தின் வூக்காட்டியில் 1997-ல் திறக்கப்பட்ட பனிச்சறுக்குச் சுரங்கத்துக்கும், முந்தைய குளிர்காலத்துப் பனியை மரத்தூளால் மூடிக் கோடை முழுவதும் காப்பாற்றி அக்டோபரில் தடமாக விரிக்கும் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற இடங்களுக்கும் செல்கின்றன. டாவோஸில் அந்த மரத்தூள் போர்வையை விலக்கியதும், கோடையைத் தாண்டி வந்த பனி ஒரு குன்றாக நிற்கும். லாரிகளில் அதை அள்ளிக்கொண்டு வந்து, இன்னும் பசுமை மாறாத புல்வெளியின் நடுவே ஒரு வெள்ளை நாடாவைப்போல நான்கைந்து கிலோமீட்டருக்குப் பரப்புகிறார்கள். அந்த நாடாவின் மீது பல நாட்டு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றிச்சுற்றி வருவார்கள். பனிக்காலம் சுருங்கிவரும் இந்தக் காலத்தில், பணமும் வசதியும் உள்ள அணிக்கு இருபது நாள் கூடுதலாகப் பனி கிடைப்பது சிறிய அனுகூலம் அல்ல. போட்டி முடிவுப் பட்டியலில் இந்த இருபது நாளுக்குத் தனிப் பத்தி கிடையாது.

இயந்திரத்தால் உண்டாக்கும் செயற்கைப் பனிக்கென்று ஒரு தனிக் குணமும் உண்டு. வானிலிருந்து புதிதாக விழும் பனித்துகள் கூர்முனைகளும் கிளைகளும் கொண்டது. இயந்திரத்தால் தூவப்படும் நீர்த்துளி அப்படியே உறைந்து, சர்க்கரை மணியைப்போல உருண்டு கடினமாகிறது. அந்த மணிகள் பலகையின் அடியில் பூசிய மெழுகை உரசித் தேய்த்துவிடும். முதல் சுற்றில் நன்றாகப் பிடித்த பலகை நான்காம் சுற்றில் பிடிமானம் இழப்பது இதனால்தான். அந்தத் தேய்மானத்தைத் தாங்க, மெழுகுக்கு அடியில் பிணைப்புப் பூச்சு ஒன்றைச் சூடேற்றித் தேய்த்து ஒட்ட வேண்டும். அது தடிமனாகிவிட்டால் இறக்கத்தில் வேகம் குறையும், மெலிந்துவிட்டால் ஏற்றத்தில் பிடிமானம் போய்விடும்.

இனிப் பலகை. இந்த விளையாட்டை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்ததும், பருவத் தொடக்கத்தில் மிக அதிகமாக ஆட்டம் காட்டுவதும் இதுதான். கிளாசிக் பலகையின் நடுப்பகுதி வில்லைப்போல மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு கால்களிலும் எடை சமமாக இருக்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடாமல் முன்னும் பின்னும் மட்டுமே வழுக்கும். ஒற்றைக் காலில் முழு எடையையும் இறக்கும்போது நடுப்பகுதி அமிழ்ந்து, அங்கே பூசியிருக்கும் பிடிமான மெழுகு பனித்துகள்களைக் கவ்விக்கொள்ளும். வீரரின் எடை, உதைக்கும் விசை, பனியின் கடினம் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் வளைவு வேண்டும். பனியின் கடினம் நாளுக்கு நாள் மாறுவதால், முன்னணி வீரர்கள் பல பத்து இணைப் பலகைகளோடு பயணம் செய்கிறார்கள். கோடையில் எடைப்பயிற்சியால் வீரரின் உடல் எடை இரண்டு கிலோ கூடியிருந்தால், சென்ற பிப்ரவரியில் பொன்னாக இருந்த இணை இந்த நவம்பரில் வேறு பலகையாகிவிடும்.

போட்டி நாள் காலையில், வெளிச்சம் வருவதற்கு முன்பே, மெழுகு வல்லுநர்கள் தடத்துக்கு வந்துவிடுகிறார்கள். இருவர் அருகருகே ஒரே இறக்கத்தின் உச்சியில் நின்று, ஒருவரையொருவர் பிடித்தபடி புறப்பட்டு, கையை விட்டு, யாருடைய பலகை அரை மீட்டர் முந்துகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு பலகைகளை மாற்றிக்கொண்டு மறுபடியும் இறங்குகிறார்கள், ஏனெனில் முந்தியது பலகையா, ஆளின் எடையா என்பது மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். விரல் விறைக்கும் குளிரில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு இணைகளை இரண்டிரண்டாக மோதவிட்டு, தோற்றதை விலக்கி, வென்றதை அடுத்ததோடு மோதவிட்டு, கடைசியில் எஞ்சும் ஒன்றிரண்டை வீரரிடம் கொடுப்பார்கள். அதற்குள் சூரியன் எழுந்து பனியின் வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறியிருந்தால், அந்தத் தேர்வில் பாதி பயனற்றுப்போகும். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாள்கள்தான் கொடுமையானவை. புதுப்பனி அந்த வெப்பநிலையில் ஒருபுறம் நீராகவும் மறுபுறம் பனியாகவும் நடந்துகொள்ளும். சற்று மென்மையான மெழுகு பூசினால் பனி ஒட்டிக் கட்டியாகி நடக்கவே முடியாது, சற்றுக் கடினமானதைப் பூசினால் பிடிக்காது. அத்தகைய நாள்களுக்கென்றே, மெழுகே இல்லாமல் நடுப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பலகைகளை வைத்திருக்கிறார்கள். பசையைப்போன்ற கிளிஸ்டர், கடின மெழுகு, தேய்த்த பலகை என்று மூன்றில் எது என்ற முடிவைப் புறப்படுவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பு எடுக்க நேர்வதும் உண்டு.

பல ஆண்டுகளாக இந்தச் சிக்கலின் ஒரு பகுதியை ஃபுளோரின் கலந்த மெழுகுகள் மூடி மறைத்துவந்தன. ஈரப்பனியில் அவை காட்டிய வழுக்கும் வேகத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் மண்ணிலும் நீரிலும் மனித இரத்தத்திலும் சிதையாமல் தங்கிவிடும் வேதிப்பொருள்கள் அவற்றில் இருந்தன. மூடிய அறைகளில் அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த மெழுகு வல்லுநர்களை நினைத்துப் பார்த்தால், தடை இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ஃபிஸ் 2019 நவம்பரில் தடையை அறிவித்தது. சோதனைக் கருவிகள் தயாராவதில் தாமதமாகி, 2023-24 பருவத்திலிருந்துதான் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டின் பருவத் தொடக்கத்தில் அணிகள் பல ஆண்டுகளாகச் சேர்த்த மெழுகுக் குறிப்பேடுகளில் பெரும்பகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு, பலகையின் அடிப்பரப்பில் கல்லால் செதுக்கும் நுண்வரிகளை நம்பிப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

உடலைப் பற்றிய கணக்குக்கு இப்போதுதான் வருகிறேன். எல்லோரும் முதலில் கைகாட்டும் இந்தக் காரணத்தை, மற்ற இரண்டையும் விலக்கிப் பார்த்த பிறகே தொட வேண்டும் என்பது என் கருத்து. இந்த விளையாட்டின் பயிற்சியில் மிகப் பெரும் பகுதி, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மிதமான வேகத்தில்தான் நடக்கிறது. கடுமையான வேகத்தில் செய்வது சிறு பங்கு. நவம்பரில் அந்தச் சிறு பங்கு கூடுகிறது. பயிற்சியில் எவ்வளவு கடுமையாக ஓடினாலும், எண் அட்டை அணிந்து புறப்படும் போட்டியின் முதல் மூன்று நிமிடங்களில் உடல் அனுபவிப்பது வேறு. ஆகவே பெரும்பாலான வீரர்களுக்கு முதல் போட்டி கனமாகவே இருக்கும். பத்துக் கிலோமீட்டர் போட்டியில் முதல் ஏற்றத்தில் கால்கள் இலேசாகப் பறப்பதுபோல இருக்கும். உச்சியைத் தாண்டியதும் தொடைகளில் ஈயம் ஊற்றியதுபோல ஆகிவிடும். உச்சிக்குப் பின் பத்து உதை கூடுதலாக உதைத்து வேகத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில், வீரர் நிமிர்ந்து மூச்சு வாங்கிவிடுவார். போட்டிக் கூர்மை என்று வீரர்கள் சொல்வது இந்தப் பத்து உதைகளைத்தான். அது இரண்டு மூன்று போட்டிகளுக்குள் தானாகவே வந்துவிடும்.

ஆனால் தானாக வராத கனமும் ஒன்று உண்டு. இலையுதிர்காலத்தில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து, ஓய்வு போதாமல் வந்தவரின் கால்களும் அதேபோல்தான் கனக்கும். இரண்டும் முதல் போட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். மருந்தோ நேர் எதிரானது. கூர்மை போதாதவர் இன்னும் இரண்டு போட்டி ஓட வேண்டும், களைத்துப்போனவர் ஒரு வாரம் ஒதுங்கியிருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எடுக்கும் நாடித்துடிப்பு, உறக்கம், பசி, வழக்கமான மிதவேகப் பயிற்சியில் இதயம் எவ்வளவு துடிக்கிறது என்ற அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். கடும் முயற்சியில் இதயத்துடிப்பு வழக்கமான உச்சத்தைத் தொடவே மறுத்தால், அது களைப்பின் அறிகுறி என்று பயிற்சியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொடுமை என்னவென்றால், மோசமான முடிவு வந்ததும் மனம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கூடுதல் பயிற்சியைத்தான். ஆண்டு முழுவதும் உழைப்பே விடை என்று பழகிய மனம் அது. திங்கட்கிழமை ஓய்வெடுக்க வேண்டியவர் அன்று மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வருகிறார். அடுத்த வாரமும் முடிவு சரியாக வராது.

குளிர்காற்றும் தன் பங்குக்கு வருகிறது. நிமிடத்துக்கு நூற்றைம்பது லிட்டருக்கும் மேலான உலர்ந்த குளிர்காற்றை உள்ளிழுக்கும்போது மூச்சுக்குழாய்களின் உட்பரப்பு வறண்டு சுருங்குகிறது. போட்டி முடிந்த மாலையில் அணியின் விடுதி முழுவதும் இருமல் கேட்பதும், இந்த வீரர்களிடையே ஆஸ்துமா மற்ற விளையாட்டினரைவிட அதிகமாகக் காணப்படுவதும் இதனால்தான். தடத்தின் மிகக் குளிர்ந்த இடத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே சென்றால் போட்டியை ஒத்திவைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்று விதி இருக்கிறது. மைனஸ் 18-ல் ஓடலாம். ஓடியவருக்கு அந்த இரண்டு டிகிரியால் பெரிய ஆறுதல் கிடைப்பதில்லை. போட்டி, விமானப் பயணம், ஒரே விடுதியில் நூற்றுக்கணக்கானோர் கூடுவது ஆகிய மூன்றும் இந்த வாரங்களில்தான் ஒன்றுசேர்கின்றன. சளிக்காய்ச்சல் ஒன்று பத்து நாளைப் பறித்துக்கொண்டு போனால், கோடைகாலத்து உழைப்பு அழியாது என்றாலும், தேர்வுப் போட்டிகள் காத்திருக்காது.

உடலைப் பற்றிச் சொல்லும்போது உணவையும் மனத்தையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிகின்ஸ் 2018 ஒலிம்பிக்கில் கிக்கன் ராண்டலோடு சேர்ந்து தம் நாட்டுக்கு இந்த விளையாட்டின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர். 2023 செப்டம்பரில், தாம் இளவயதில் கடந்து வந்த உணவுக் கோளாறு மீண்டும் தலைதூக்கியிருப்பதை அவர் தாமே வெளிப்படையாக அறிவித்தார். உடல்நலமே முதன்மை என்றும், பருவத்தைப் பற்றி எந்த உறுதியும் தர முடியாது என்றும் அப்போது நிலைமை இருந்தது. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் சுவீடனின் யெல்லிவாரேயில் பத்துக் கிலோமீட்டர் போட்டியை வென்றார். புத்தாண்டில் டூர் டி ஸ்கீ என்ற பலநாள் போட்டித் தொடரையும், மார்ச் மாதத்தில் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் கைப்பற்றினார். மீண்டு வந்த வெற்றிக் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பருவத்தைவிட உடல்நலமே பெரிது என்று செப்டம்பரிலேயே சொல்ல முடிந்ததுதான் இதில் பெரிய செய்தி. மெலிந்த உடல் ஏற்றத்தில் வேகம் தரும் என்ற நினைப்பு இந்த விளையாட்டில் ஆழமாக ஊறியிருக்கிறது. போதுமான உணவில்லாத உடல் முதல் சில போட்டிகளில் வேகமாகவே ஓடிவிடவும் கூடும் என்பதால், நவம்பரின் நல்ல முடிவுகூட ஒரு நோயை மறைத்துவைக்க முடியும்.

நான்காவது, போட்டி அட்டவணை. இங்கேதான் பருவத் தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பது தெளிவாகிறது. பிப்ரவரியில் வரும் உலகச் சாம்பியன்ஷிப்பையோ ஒலிம்பிக்கையோ குறிவைத்துத் தயாராகும் முன்னணி வீரருக்கு, நவம்பர் போட்டிகள் நல்ல பயிற்சி. அவருடைய இடம் உறுதி. பன்னிரண்டாவதாக வந்தாலும் அமைதியாக இருக்கலாம். அணியின் விளிம்பில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. நார்வேயின் பெய்டோஸ்டோலனிலும், பின்லாந்தின் மூனியோவிலும் நவம்பர் நடுவில் நடக்கும் தேசியத் தொடக்கப் போட்டிகளே, ரூக்காவுக்குப் போகும் விமானத்தில் யாருக்கு இருக்கை என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன. நார்வேயைப் போன்ற நாட்டில், வேறெந்த நாட்டு அணியிலும் எளிதாக இடம் பெறக்கூடிய வீரர்கள் தம் நாட்டுப் போட்டியில் பதினைந்தாவதாக வந்து வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் நவம்பரிலேயே உச்சத்தில் இருந்தாக வேண்டும். நவம்பரில் உச்சத்தைத் தொட்டவரால் பிப்ரவரி வரை அதைத் தக்கவைக்க முடிவது அரிது. தேர்வுமுறை கேட்பது ஒன்று, உடல் தரக்கூடியது வேறொன்று. இந்த இடைவெளியில் ஆண்டுதோறும் நல்ல இளைஞர்கள் சிக்கிக்கொள்வதைப் பார்க்க வருத்தமாகவே இருக்கிறது.

உலகக் கோப்பைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஃபிஸ் புள்ளிகள்தான் நாணயம். இதில் குறைந்த எண்ணே சிறந்தது. கணக்கு எளிமையானது: வீரரின் நேரத்தை வென்றவரின் நேரத்தால் வகுத்து, ஒரு நிலை எண்ணால் பெருக்கி, அந்த எண்ணையே கழிக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் புறப்படும் போட்டிக்கு அந்த எண் 800. எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் போட்டிக்கு 1,400. வென்றவர் 25 நிமிடத்தில், அதாவது 1,500 விநாடியில் முடித்த போட்டியில் 75 விநாடி பின்தங்கியவருக்கு முதல் வகையில் 40 புள்ளி, இரண்டாம் வகையில் 70 புள்ளி. கூட்டமாக ஓடும்போது இடைவெளிகள் சுருங்கும் என்பதால் இந்த வேறுபாடு. இதனோடு, போட்டியில் கலந்துகொண்ட முன்னணி வீரர்களின் தரத்தைப் பொறுத்து ஒரு கூடுதல் தொகையும் சேரும். உலகக் கோப்பையில் அது பூஜ்யம். கடந்த பன்னிரண்டு மாதங்களின் மிகச் சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரியே வீரரின் மதிப்பு. நீண்ட தொலைவுக்கும் ஸ்பிரிண்ட் எனும் குறுந்தொலைவுப் பந்தயத்துக்கும் தனித்தனிப் பட்டியல். சென்ற நவம்பரில் கிடைத்த அருமையான முடிவு, இந்த நவம்பரில் காலாவதியாகிவிடும். வீரர் எதுவுமே செய்யாமல் தரவரிசையில் கீழே இறங்குவார். பருவத் தொடக்கத்தின் பதற்றத்தில் ஒரு பங்கு, தடத்தில் அல்ல, இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

அப்படியானால் அந்த நாற்பத்தொன்றாம் இடத்தை எப்படிப் படிப்பது? இடத்தைப் பார்க்காமல், தடத்தின் எந்தப் பகுதியில் நேரம் போயிற்று என்று பார்க்க வேண்டும். இடைநிலை நேரங்கள் இப்போது எல்லாப் பெரிய போட்டிகளிலும் பதிவாகின்றன. கிளாசிக் போட்டியில் ஏற்றங்களில் மட்டும் நேரம் கசிந்து, சமதளத்தில் ஊன்றுகோலால் உந்தும் இடங்களில் கசியவில்லை என்றால், குறை பிடிமானத்தில். அது மெழுகாகவும் இருக்கலாம், ரோலர் ஸ்கீ கற்றுத்தந்த தாமதமாகவும் இருக்கலாம். அதே அணியின் மற்றவர்களுக்கும் அதே நாளில் ஏற்றத்தில் நேரம் போயிருந்தால் மெழுகு. இவருக்கு மட்டும் என்றால் உதை. யாருமே உழைக்காத இறக்கத்தில், குனிந்து வழுக்கும் இடத்தில் ஐந்து விநாடி போனால், அது வீரரின் குற்றமே அல்ல. முதல் இரண்டரைக் கிலோமீட்டரில் பன்னிரண்டாவதாக இருந்து, அதன்பின் ஒவ்வொரு பகுதியிலும் சீராகப் பின்தங்கினால், புறப்பாடு அளவுக்கு மீறிய வேகம். அடுத்த போட்டியில் முதல் நிமிடத்தைச் சற்று அடக்கிப் பார்க்கலாம். முதல் பகுதியிலிருந்தே எல்லா வகைத் தடத்திலும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் மட்டுமே, உடலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்க வேண்டும். இந்த வரிசையில் கேட்கும் பொறுமை, போட்டி முடிந்த அன்றிரவு யாருக்கும் இருப்பதில்லை. நல்ல பயிற்சியாளர்கள் மறுநாள் காலை வரை அந்த நேரப் பட்டியலை வீரரிடம் கொடுக்காமல் வைத்திருப்பது அதனால்தான்.

ஸ்பிரிண்டில் இந்த வாசிப்பு இன்னும் கடினம். தகுதிச்சுற்றில் முதல் முப்பது பேர் மட்டுமே அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். மூன்று நிமிடப் பந்தயத்தில் முப்பதாம் இடத்துக்கும் முப்பத்தொன்றாம் இடத்துக்கும் இடையே நூறில் சில பங்கு விநாடிகளே இருப்பது வழக்கம். ஒருவர் மாலை வரை ஓடி அரையிறுதியைத் தொடுகிறார், மற்றவர் மதியமே பலகைகளைப் பையில் போடுகிறார். அடுத்த கட்டங்களில் ஆறு பேர் ஒன்றாகப் பாயும்போது, ஒரு வளைவில் ஒருவருடைய ஊன்றுகோல் ஒடிந்தால் முழு நாளும் போயிற்று.

டிசம்பரில் போட்டிகள் நார்வேயின் லில்லஹாமர், ட்ரோண்ட்ஹெய்ம், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற இடங்களுக்கு நகரும்போது, ஏற்ற இறக்கத்தின் வடிவம் மாறத் தொடங்குகிறது. பனி நிலைபெறுகிறது. தடங்கள் நீளுகின்றன. உதை சீராகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் டாவோஸில் மட்டும், உயரத்துக்குப் பழகாதவர்கள் இரண்டாம் சுற்றிலேயே மூச்சுத் திணறிப்போவார்கள். அந்த ஒரு முடிவையும் தனியாக ஒதுக்கிவைத்தே படிக்க வேண்டும். பிறகு வருகிறது பருவத் தொடக்கத்தின் மிகப் பெரிய கேள்வி: புத்தாண்டை ஒட்டி நடக்கும் டூர் டி ஸ்கீயில் ஓடுவதா, வேண்டாமா? 2006-07 பருவத்தில் தொடங்கிய இந்தத் தொடர், சில நாள்களுக்குள் பல போட்டிகளை அடுக்கி, இத்தாலியின் வால் டி ஃபியெம்மேயில் ஆல்ப் செர்மிஸ் என்ற மலைச்சரிவை மேல்நோக்கி ஏறுவதோடு முடிகிறது. மற்றவர்கள் கீழ்நோக்கிச் சறுக்கும் சரிவு அது. சில இடங்களில் 28 சதவீதம் செங்குத்து. புள்ளிகள் ஏராளம். ஆனால் அதை ஓடி முடித்தவர்களில் பலர் ஜனவரி நடுவில் நோயில் விழுகிறார்கள்.

2023-24 பருவத்தில் நார்வேயின் யோஹான்னஸ் ஹோஸ்ஃப்ளோட் க்ளேபோ கொரோனா தொற்றால் அந்தத் தொடரையே தவறவிட்டார். அதை வென்ற அவருடைய அணித் தோழர் ஹரால்ட் ஓஸ்ட்பெர்க் அமுண்ட்சென், பருவ முடிவில் ஒட்டுமொத்தப் பட்டத்தையும் பெற்றார். தலைசிறந்த வீரருக்கும்கூட டிசம்பர் கடைசியில் வந்த ஒரு தொற்றின் விலை அது. அடுத்த பருவத்தின் உலகச் சாம்பியன்ஷிப் 2025-ல் க்ளேபோவின் சொந்த ஊரான ட்ரோண்ட்ஹெய்மில் நடந்தபோது, ஆடவருக்கான ஆறு போட்டிகளிலும் அவரே தங்கம் வென்றார்.

விளிம்பில் நிற்கும் நம் வீரர் டூர் டி ஸ்கீக்கு அழைக்கப்பட மாட்டார். டிசம்பர் நடுவில் அவர் வீடு திரும்பி, ஒரு வாரம் மிதவேகத்தில் மட்டும் ஓடி, நன்றாக உறங்கி, தேசியச் சாம்பியன்ஷிப்புக்குத் தயாராவார். நவம்பரில் பின்னோக்கி வழுக்கிய அதே வகை ஏற்றத்தில், இப்போது பல வாரப் பனி அனுபவம் அவருடைய உதையில் சேர்ந்திருக்கும். ஜனவரியில் நல்ல தரமான இரண்டு போட்டிகளில் நாற்பதுக்குக் கீழே புள்ளிகள் எடுத்துவிட்டால், பட்டியல் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது, சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரியில் அவை இரண்டும் இடம்பிடிக்கும். ஆறாவதும் ஏழாவதுமான முடிவுகளை அந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதில்லை. ரூக்காவில் கிடைத்த நாற்பத்தொன்றாம் இடம் அங்கேதான் போய் நிற்கும்.